மரச்சீனியைக் குற்றம் சொல்லாதே, மக்களே

மக்களே,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. இன்று மழை, ரப்பர் பால்வெட்டு இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மகன் குட்டனுக்கு எட்டு வயதாகிவிட்டதா!

"பிறந்தப்பவே குதிகாலில் குத்திப் பார்த்தாச்சு, தைராய்டு சரியா இருந்துது. இப்ப எதுக்கு மறுபடி ரத்தம்?" என்று கேட்டிருக்கிறாய். அந்தச் சோதனை பிறவிக் குறையைத்தான் பிடிக்கும். குட்டனைப் போல டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குப் பிறவிக் குறையும் மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் பின்னால் வருவது வேறு: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கழுத்துச் சுரப்பியை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அது எட்டு வயதிலும் வரும், முப்பதிலும் வரும். அதனால்தான் முதல் வருடத்தில் சில தடவையும், பிறகு வருடா வருடமும் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தச் சோதனை பார்க்கச் சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

"அவன் நல்லாத்தானே இருக்கான்" என்பாய். இங்கேதான் உன்னைத் திட்டப்போகிறேன். அதே கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாய்? மலம் சரியாகப் போவதில்லை, தோல் சொரசொரப்பு, பள்ளிவிட்டு வந்ததும் படுத்துவிடுகிறான், சட்டை இறுகுகிறது. கடைசியில் "இந்தப் பிள்ளைங்க இப்படித்தானே" என்று ஒரு வரி. அந்த வரியை அடித்துவிடு! தைராய்டு குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ரத்தம்தான் சொல்லும். டவுன் சின்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கும் இதே கதை. மறதியும் சோர்வும் வந்தால் அல்சைமர் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலருக்கு அது மாத்திரையில் சரியாகும் தைராய்டுக் குறைவாக இருக்கும்.

உன் மாமியார் இதற்கெல்லாம் மரச்சீனிதான் காரணம் என்கிறாராம். விசாகம் திருநாள் மகாராஜா காலத்திலிருந்து நம் வயிற்றை நிரப்புகிற கிழங்கு அது. அயோடினைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, உண்மைதான். ஆனால் வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டு, அயோடின் உப்பும் மீனும் சேர்த்துச் சாப்பிடுகிற வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. குட்டனின் சுரப்பிக்கு ஆபத்து அவன் பிறந்தபோதே கூட வந்தது. வயிற்றில் இருக்கும்போது நீ தின்றதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நீ கேட்கவில்லை, ஆனால் ராத்திரியில் யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

டி.எஸ்.எச். சற்றுக் கூடி, டி4 என்ற தைராய்டுச் சுரப்பு சரியாக இருந்தால், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். மாத்திரை தரவில்லையே என்று ஆஸ்பத்திரி மாற்றாதே. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அது தானாகவே இறங்கும். மாத்திரை தந்தாலோ, நீயாக நிறுத்தாதே. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில் பொடித்துக் கரண்டியால் கொடு. சாயா அரைமணி நேரம் கழிந்துதான். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையால் டவுன் சின்ட்ரோம் போகாது, அந்த ஆசை வேண்டாம். ஆனால் மூடிக்கிடந்த குட்டன் கொஞ்சம் வெளியே வருவான்.

அவன் மெலிந்து, நெஞ்சு படபடத்து, தூங்காமல் இருந்தால் சுரப்பு கூடியிருக்கலாம். அப்போது வருடம் முடியட்டும் என்று காத்திருக்காதே.

பெருங்கடவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை எவ்வளவு தூரம்? சனிக்கிழமை காலையிலேயே ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடு. ஊசி குத்தும்போது அவனுக்குப் பிடித்த பாட்டைப் பாடு. தாளில் வந்த எண்ணை அப்படியே எனக்கு எழுது. பழைய தாள்களையும் ஒரு உறையில் சேர்த்து வை.

உன் சித்தி