உறங்கும் விதை

கொங்கு நாட்டில் காங்கேயத்தைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களுக்குக் கொறங்காடு என்பது பெயர். கிளுவை வேலி சூழ, வெள்வேல மரங்கள் இடையிடையே நிழல் தர, அந்நிலங்களில் கொழுக்கட்டைப் புல் வளரும். மழை குறைந்த காலத்தும் வேர் மடியாது நின்று, காங்கேய மாடுகளுக்கு உணவாவது இப்புல்லே.

இப்புல்லைப் புதிதாக விதைப்போர்க்கு ஓர் இடர் உண்டு. அறுவடை செய்த உடனே விதைத்தால், விதைகளுட் பெரும்பாலானவை முளைப்பதில்லை. அவை செத்த விதைகள் அல்ல, உறங்கும் விதைகள். பல திங்கள் சேமித்து வைத்த பின்னரே அவற்றின் உறக்கம் கலையும்.

காட்டுப் புல்லுக்கு இவ்வுறக்கம் ஓர் அரண். கோடையில் ஒரு நாள் பெய்யும் மழையை நம்பி விதைகள் அனைத்தும் முளைத்துவிட்டால், அடுத்து வரும் வெயிலில் யாவும் கருகிவிடும். சில முளைக்க, சில காத்திருத்தலால் இனம் பிழைக்கின்றது. உழவனுக்கு வேண்டுவதோ வேறு. விதைத்தவை ஒருங்கே முளைத்தாலன்றோ புல் களையை வென்று நிலத்தை மூடும்!

இதற்குப் பயிரின ஆராய்ச்சியாளர் கையாளும் முறை எளியது. புதிய விதைகளை விதைத்து, விரைந்து முளைத்தவற்றை மட்டும் வளர்ப்பர். அவற்றின் விதைகளிலும் அவ்வாறே தேர்வர். தலைமுறைதோறும் இங்ஙனம் செய்ய, உறக்கம் குறைந்த வகை உருவாகும். அமெரிக்கப் புல்வெளிகளுக்குரிய சுவிட்ச் புல்லில் இம்முறை பயன் தந்துள்ளது.

கொழுக்கட்டைப் புல்லிலோ இம்முறை எளிதிற் பலிக்கவில்லை. இப்புல்லின் விதை பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையால் கருவுறாமலே உண்டாகின்றது. ஆதலின், பிறக்கும் செடி தாய்ச்செடியின் அச்சாகவே அமையும். வேறுபாடு இல்லாவிடத்துத் தேர்வுக்கு இடமேது? டெக்சஸ் மாநிலத்தில் ஆராய்ந்த பாஷா என்னும் அறிஞர், கருவுற்று விதை தரும் அரிய செடியொன்றைப் பற்றி 1962-இல் எழுதி வெளியிட்டார். அத்தகைய செடியைத் தாயாகக் கொண்டு பிற வகைகளின் மகரந்தத்தைச் சேர்த்தால், வழித்தோன்றல்கள் பல்வகைப்படும். தேர்வுக்கு வழி பிறக்கும். முன்பு தடையாய் நின்ற இயல்பே பின்பு துணையாகவும் ஆகும். தேர்ந்த செடி கருவுறாமலே விதை தருவதாயின், அதன் நற்பண்பு தலைமுறைதோறும் மாறாது நிலைக்கும்.

ஆயினும், உறக்கம் முற்றும் ஒழிதல் நன்றன்று. முதல் மழையில் முளைத்தவை வறட்சியால் மாண்டால், மண்ணில் காத்திருந்த விதையே மீண்டும் நிலத்தைப் பசுமையாக்கும். உழவனுக்கு வேண்டும் அளவு உறக்கத்தைக் குறைத்து, நிலத்திற்கு வேண்டும் அளவு அதனைக் காப்பதே இவ்வாராய்ச்சியின் அருமை.