கேஸ், கரண்ட் பில்: ஒப்பிட்டுப் பார்த்து மாறுவது எப்படி?



சென்ற குளிர்காலத்தில் ஒரு சகோதரி எங்கள் நலப்பணிக் குழுவிடம் உதவி கேட்டு வந்தார். கணவர் வஃபாத்தாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் மூவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, அந்த அறைக்கு மட்டும் ஹீட்டிங் போடுவதாகச் சொன்னார். அப்படியிருந்தும் கேஸுக்கும் கரண்டுக்குமாக மாதம் 190 பவுண்டு பேங்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் உதவ முடியுமா என்பதுதான் அவர் கேட்டது.

நாங்கள் பில்லைக் கொண்டுவரச் சொன்னோம். பார்த்ததும் மூன்று விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, கணக்கு இன்னமும் மறைந்த கணவரின் பெயரிலேயே இருந்தது. இரண்டு, மீட்டரைப் படித்து நம்பர் கொடுப்பது கணவரின் வேலையாக இருந்தது. அவருக்குப் பின் யாரும் கொடுக்கவில்லை. கம்பெனி பழைய அளவை வைத்து உத்தேசமாகவே பில் போட்டு வந்தது. மூன்று, அவர் எடுத்திருந்த நிலையான விலைத் திட்டம் முடிந்து, கணக்கு தானாகவே சாதாரணக் கட்டணத்துக்கு மாறியிருந்தது.

அன்றே மீட்டரைப் படித்து நம்பர் கொடுத்தோம். கணக்கைத் திருத்திப் பார்த்தபோது, கம்பெனியிடம் அவருடைய பணம் 312 பவுண்டு தேங்கி நின்றது. பிள்ளைகள் கோட்டு போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிய அந்த மாதங்களில், அவர்களுடைய காசு வேறொருவர் பெட்டியில் இருந்திருக்கிறது. கேட்டதும் திரும்பக் கிடைத்தது. ஆனால் பெயர் மாற்றாததால் அந்தக் குளிர்காலத்தில் தவறிப்போன அரசுத் தள்ளுபடி திரும்பக் கிடைக்கவில்லை.

இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணிடம் மீட்டரைப் பற்றி யாரும் பேசமாட்டோம். ஆனால் குடும்பத்தில் ஒருவராவது அதைக் கவனித்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

1. யாரிடம் வாங்குகிறோம்?

ஊரில் நமக்குப் பழக்கமானது ஒரே மின்வாரியம், ஒரே மின்சார சபை. பிரிட்டனில் அப்படியில்லை. 1990களின் இறுதியிலிருந்து எந்தக் கம்பெனியிடம் கேஸும் கரண்டும் வாங்குவது என்பதை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கலாம். கம்பெனி மாறினாலும் வயர் அதேதான், குழாயும் அதேதான். யாரும் வீட்டைத் தோண்டமாட்டார்கள், ஒரு நிமிடம்கூட கரண்ட் போகாது. பில் அனுப்புகிறவர் மட்டும் மாறுகிறார்.

இந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பு ஆஃப்ஜெம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் 2019 ஜனவரி முதல் அது ஒரு விலை உச்சவரம்பை வைத்திருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது மாறும்.

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உச்சவரம்பாக ஒரு தொகை செய்தியில் வந்ததும், அதற்கு மேல் நம் பில் போகாது என்று நினைக்கிறார்கள். வரம்பு நம் மொத்த பில்லுக்கு அல்ல. ஒரு யூனிட்டுக்கும், தினசரி நிலைக் கட்டணத்துக்கும்தான் வரம்பு. செய்தியில் வரும் தொகை ஒரு நடுத்தர வீட்டுக்கான உதாரணம். 2023 அக்டோபரில் ஆஃப்ஜெம் நிர்ணயித்த கணக்கில் அந்த வீடு வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் செலவழிக்கிறது. கூடுதலாகச் செலவழித்தால் கூடுதலாகத்தான் கட்ட வேண்டும். இன்னொன்று: வரம்புக்குள் இருப்பதால் அது மலிவான விலை என்று ஆகிவிடாது. அதைவிடக் குறைந்த திட்டம் வெளியில் இருக்கலாம்.

2. பில்லில் எதைப் பார்ப்பது?

பில்லை எடுத்து வைத்துக்கொண்டு இந்த ஆறையும் பேனாவால் வட்டமிடுங்கள்.

• பெயர்: கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

• திட்டத்தின் பெயரும் முடியும் தேதியும்: நிலையான விலைத் திட்டமா, அவ்வப்போது மாறும் சாதாரணக் கட்டணமா?

• யூனிட் விலை: ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை பென்ஸ்? கேஸுக்கும் கரண்டுக்கும் தனித்தனியாக இருக்கும்.

• நிலைக் கட்டணம்: ஒரு நாளைக்கு எத்தனை பென்ஸ்? வீட்டைப் பூட்டிவிட்டு உம்ராவுக்குப் போனாலும் இது ஓடிக்கொண்டேயிருக்கும்.

• ஒரு வருடத்துச் செலவு யூனிட்டில்: பவுண்டில் அல்ல. விலை மாறும்போது பவுண்டுக் கணக்கு ஏமாற்றும். யூனிட் கணக்கு ஏமாற்றாது.

• மீட்டர் ரீடிங்: நாம் கொடுத்ததா, உத்தேசமா என்று பில்லிலேயே குறித்திருப்பார்கள். ஸ்மார்ட் மீட்டர் இல்லாதவர்கள் மாதம் ஒருமுறை படித்துக் கொடுப்பது நல்லது.

உத்தேச பில்களால் நேரெதிரான ஆபத்தும் உண்டு. குறைவாகப் போட்டுவிட்டுப் பிறகு மொத்தமாகக் கேட்பார்கள். தவறு கம்பெனியுடையது என்றால், 12 மாதத்துக்கு முன் செலவான யூனிட்டுக்கு இப்போது புதிதாக பில் போட அவர்களுக்கு உரிமையில்லை. இதை நினைவில் வையுங்கள்.

3. ஒரு சின்னக் கணக்கு

கரண்டுக்கு மட்டும் இரண்டு திட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவை பாடத்துக்காக நாம் போட்ட விலைகள்.

முதல் திட்டம்: யூனிட் 24 பென்ஸ், நிலைக் கட்டணம் நாளைக்கு 60 பென்ஸ்.
இரண்டாம் திட்டம்: யூனிட் 27 பென்ஸ், நிலைக் கட்டணம் நாளைக்கு 40 பென்ஸ்.

எது மலிவு? யூனிட் விலையை மட்டும் பார்ப்பவர் உடனே முதலாவதைச் சொல்வார். ஒரு தனி ஆள் வருடத்துக்கு 1,600 யூனிட் செலவழிக்கிறார். முதல் திட்டத்தில் யூனிட்டுக்கு 384 பவுண்டு, நிலைக் கட்டணம் 219 பவுண்டு, மொத்தம் 603. இரண்டாவதில் 432, அதோடு 146, மொத்தம் 578. விலை கூடியதாகத் தெரிந்த திட்டமே அவருக்கு 25 பவுண்டு மிச்சம் தருகிறது.

ஆறு பேர் கொண்ட குடும்பம் 4,200 யூனிட் செலவழிக்கிறது. முதல் திட்டத்தில் 1,008, அதோடு 219, மொத்தம் 1,227. இரண்டாவதில் 1,134, அதோடு 146, மொத்தம் 1,280. இவர்களுக்கு முதலாவதே 53 பவுண்டு மலிவு.

ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு ஒரே திட்டம் பொருந்தாது என்பதுதான் இதில் பாடம். ஜும்ஆ முடிந்து வாசலில் நிற்கும்போது, "நான் இந்தக் கம்பெனிக்கு மாறினேன், நல்ல மலிவு, நீங்களும் மாறுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டுக்கு அது உண்மையாக இருக்கலாம். நம் வீட்டுக்கு நம் யூனிட்டை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

4. இரவுக் கட்டணமும் நோன்பு மாதமும்

எகானமி செவன் என்ற திட்டத்தில் இரவில் ஏழு மணி நேரம் கரண்ட் மலிவு, பகலில் விலை கூடுதல். ஸஹருக்கு எழுந்து சமைக்கிறோம், நமக்கு இது லாபம்தானே என்று சிலர் கேட்கிறார்கள்.

கணக்குப் போடுவோம். சாதாரணத் திட்டத்தில் யூனிட் 25 பென்ஸ். இரவுத் திட்டத்தில் இரவில் 14, பகலில் 30 என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரவில் ஓடினால்தான் லாப நட்டம் சமமாகும். அதற்குக் குறைந்தால் நட்டம். நோன்பு ஒரு மாதம், மீட்டருக்குப் பன்னிரண்டு மாதம். தவிர, நம்மில் பலர் ஸஹருக்குச் சமைப்பது கேஸ் அடுப்பில். இரவில் சூடேறிப் பகலில் வெப்பம் தரும் ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள வீட்டுக்கும், இரவில் காரை சார்ஜ் செய்பவருக்கும் இது பொருந்தும். மற்றவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

5. மாறும் முறை

வருடச் செலவை யூனிட்டில் கையில் வைத்துக்கொண்டு ஒப்பீட்டுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஆஃப்ஜெம் அங்கீகாரம் பெற்ற தளமா என்று முதலில் பார்க்க வேண்டும். தங்களுக்குக் கமிஷன் தரும் கம்பெனிகளை மட்டும் சில தளங்கள் முதலில் காட்டும். சந்தையில் உள்ள எல்லாத் திட்டங்களையும் காட்டும்படி தேர்ந்தெடுங்கள். விலையோடு, வாடிக்கையாளர் சேவைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் கொடுக்கும் மதிப்பெண்ணையும் பாருங்கள். போன் போட்டால் எடுக்காத கம்பெனி 20 பவுண்டு மலிவாக இருந்து பயனில்லை.

பழைய திட்டத்தில் வெளியேறும் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கட்டணத்தில் அது கிடையாது. நிலையான திட்டத்திலும் முடிவதற்கு முந்தைய 49 நாட்களில் வெளியேறினால் கட்டணம் கேட்க முடியாது. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

புதிய கம்பெனியிடம் சொன்னால் போதும், பழையவரிடம் அவர்களே பேசிக்கொள்வார்கள். பொதுவாக ஐந்து வேலை நாட்களில் மாறிவிடும். மனம் மாறினால் 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மாறும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்தப் போட்டோதான் சாட்சி.

கம்பெனி மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் பலருக்கு உண்டு. 2021, 2022இல் முப்பதுக்கு நெருக்கமான கம்பெனிகள் மூடின. அப்போதும் எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. ஆஃப்ஜெம் வேறு கம்பெனிக்கு மாற்றியது. வீட்டுக்காரர்களின் மீதித் தொகைக்குப் பாதுகாப்பு இருந்தது.

6. நமக்கு முடியாது என்று நினைப்பவர்களுக்கு

வாடகை வீட்டில் இருப்பவர்: பில் உங்கள் பெயரில் வந்து நீங்களே கட்டினால், கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. வீட்டுக்காரர் தன் பெயரில் வாங்கி உங்களுக்கு விற்றால், தான் கொடுத்த விலைக்கு மேல் யூனிட்டுக்கு வாங்கக்கூடாது.

கீ மீட்டரில் டாப்-அப் போடுபவர்: 500 பவுண்டு வரை கடன் இருந்தாலும் மாறலாம். கேஸுக்கு 500, கரண்டுக்கு 500 என்று தனித்தனிக் கணக்கு. கடனும் உங்களோடு புதிய கம்பெனிக்கு வரும்.

பில் பாக்கி உள்ளவர்: 28 நாட்களுக்கு மேற்பட்ட பாக்கியைக் கட்டும்வரை மாறுவதைத் தடுக்கலாம். வெட்கப்பட்டு கம்பெனியின் கடிதங்களைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். முடிந்த தொகையைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள். தவணை பேச அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

7. மலிவைத் தேடி உதவியை இழக்காதீர்கள்

வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட் என்பது 150 பவுண்டு தள்ளுபடி. 2025-26 குளிர்காலத்தில், வருமானத்தைப் பார்த்துத் தரப்படும் பெனிஃபிட் பெறுபவர்களுக்கு, வீட்டின் அளவைப் பார்க்காமல் இது விரிவாக்கப்பட்டது. பில்லில் பெனிஃபிட் பெறுபவரின் பெயரோ துணையின் பெயரோ இருக்க வேண்டும். மிகச் சிறிய கம்பெனிகள் சில இத்திட்டத்தில் இல்லை. மாறுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதியவர், நோயாளி, கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டார் முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் இலவசமாகப் பெயர் கொடுக்கலாம். கம்பெனி மாறினால் புதிய கம்பெனியிடம் மறுபடி சொல்வது நல்லது.

வாசலில் வந்தோ போனிலோ "இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்பவரிடம் பில்லைக் காட்டாதீர்கள், பேங்க் நம்பர் சொல்லாதீர்கள். நல்ல திட்டம் நாளைக்கும் இருக்கும்.

கம்பெனியிடம் புகார் சொல்லி எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால், எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். செலவில்லை.

இந்த வாரப் பயிற்சி

1. உங்கள் பில்லில் மேலே சொன்ன ஆறையும் வட்டமிடுங்கள்.
2. மீட்டரைப் படித்து நம்பர் கொடுங்கள்.
3. உங்கள் யூனிட்டை வைத்து இரண்டு திட்டங்களுக்காவது கணக்குப் போடுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் போடச் சொன்னால் அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.
4. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு மூத்தவரின் பில்லையோ, கணவரை இழந்த ஒரு சகோதரியின் பில்லையோ, அவர் அனுமதியோடு, வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துக் கொடுங்கள்.

கணக்குப் போடத் தெரியாது, ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்பவர்கள் பில்லோடு எங்கள் குழுவிடம் வரலாம். பில்லில் உள்ளது எங்களோடு நிற்கும், வெளியே போகாது. அந்தச் சகோதரி இப்போது சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்த ஒரு திட்டத்தில், தன் சொந்தப் பெயரில் இருக்கிறார். மாதாமாதம் மீட்டரைப் படிப்பது அவருடைய மூத்த மகன். வயது பன்னிரண்டு.