மவுண்டுக்குச் சொல்லும் நேரம்

ஒன்ராறியோவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறோம். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறோம். கைத்தொலைபேசி தானாக மாறிவிடும். தொலைநோக்கியைத் தாங்கி, கேட்ட பொருளை நோக்கித் திருப்பிவிடும் கணினி மவுண்டுகளில் பெரும்பாலானவை மாறா, நாம்தான் சொல்லவேண்டும். “அண்ணை, வியாழன் எண்டு அமத்தினால் இது மரத்தைக் காட்டுது” என்று யாராவது கூப்பிட்டால், நான் வில்லையையோ மோட்டரையோ பார்ப்பதில்லை. கைக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கி நேர அமைப்பைத்தான் முதலில் திறப்பேன். அனேகமாக அங்கேதான் விடை இருக்கும்.

மவுண்டுக்கு வேண்டியது உலகப் பொது நேரம். நாம் கொடுக்கும் மணி, நேர வலயம், டேலைட் சேவிங் உண்டா இல்லையா என்ற பதில் மூன்றையும் சேர்த்து அது ஒரே ஒரு கணக்கைத்தான் செய்கிறது. ரொறன்ரோவில் யூலை மாதம் இரவு 9 மணி என்று வைத்துக்கொள்வோம். கோடை நேரத்துக்காக ஒரு மணியைக் கழித்தால் 8. வலயம் -5 என்பதால் 5 மணியைக் கூட்டினால் உலகப் பொது நேரம் மறுநாள் அதிகாலை 1 மணி. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்குப் பிறகு எந்த மவுண்டிலும் தடுமாற்றம் வராது.

நான் அதிகம் காணும் தவறு இரட்டைத் திருத்தம். கோடையில் நமது நேரம் -4 என்று இணையத்தில் பார்த்துவிட்டு வலயத்தில் -4 இடுவார்கள். அடுத்த வரியில் டேலைட் சேவிங் கேட்டால் அதற்கும் ‘ஆம்’ என்பார்கள். மவுண்டு -3 என்று எடுத்துக்கொள்ளும். சின்ஸ்கான் போன்ற கருவிகள் டேலைட் சேவிங்கைத் தனியாகக் கேட்கின்றன. அப்படிக் கேட்டால் வலயம் ஆண்டு முழுவதும் -5 தான். மாறுவது அந்த ஒரு வரி மட்டுமே. தனியாகக் கேட்காத மென்பொருளில் மாத்திரம் கோடைக்கு -4 என்று இடுங்கள்.

இதை விளங்கிக்கொள்ள சைப்ரஸ் ஹில்ஸ் பூங்காவைவிட நல்ல இடம் கனடாவில் இல்லை. இருள்வான் காப்பகமான அந்தப் பூங்கா அல்பேர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலுமாகக் கிடக்கிறது. சஸ்காச்சுவான் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. ஆகவே கோடையில் அல்பேர்ட்டாப் பக்கம் நிற்பவர் -7, டேலைட் சேவிங் ‘ஆம்’ என்று இடவேண்டும். சஸ்காச்சுவான் பக்கம் நிற்பவர் -6, ‘இல்லை’ என்று இடவேண்டும். இருவரின் கைக்கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டும், இரண்டு மவுண்டும் ஒரே வானத்தைக் காட்டும். வலயத்தை ஒரு பக்கத்திலும் டேலைட் சேவிங்கை மறுபக்கத்திலும் எடுத்தால்தான் கெட்டது.

தவறு எது என்பதை வானமே சொல்லிவிடும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கையை முழுதாக நீட்டி, சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்தால் அவற்றின் நுனிகளுக்கு இடையே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். கோடையில் ‘ஆம்’ இடத் தவறினால் குழாய் நட்சத்திரத்துக்கு மேற்கே அந்த அளவு தள்ளி நிற்கும். குளிர்காலத்தில் ‘ஆம்’ அப்படியே கிடந்தால் கிழக்கே நிற்கும். திருவோணம், சுவாதி போல வான நடுக்கோட்டுக்குப் பக்கமான நட்சத்திரங்களில் இதைப் பாருங்கள். துருவத்தை நெருங்க நெருங்க விலகல் சுருங்கிவிடும். அங்கே பார்த்தால் தவறு இருப்பதே தெரியாது.

இரண்டு நட்சத்திரங்களைக் காட்டிச் சீரமைத்தால் நேரப் பிழை தானாகச் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. நட்சத்திரங்களைப் பொறுத்தவரை அந்தப் பிழையைச் சீரமைப்பு பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆனால் சந்திரன் ஒரு மணி நேரத்தில் தன் விட்டமளவு நகர்கிறது. அது தள்ளியே நிற்கும். மவுண்டின் அச்சைத் துருவத்தை நோக்கி வைக்கும் துருவச் சீரமைப்புக்கு நேரம் இன்னும் முக்கியம். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து பாகையின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் சுற்றுகிறது. மணிக்கூட்டு முகம்போன்ற வட்டத்தில் எந்த மணியில் அதை வைக்கவேண்டும் என்று மவுண்டு சொல்வது நேரத்தை வைத்துத்தான். ஒரு மணி நேரம் பிழைத்தால் அச்சு பாகையின் ஆறில் ஒரு பங்கு விலகும். கண்ணால் பார்ப்பவருக்கு இது பெரிதல்ல. நீண்ட நேரம் படம் எடுப்பவருக்கு இரவு வீண். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரம்போல வண்டி ஓட்டி மஸ்கோக்காவின் டொரன்ஸ் பாரன்ஸ் வரை போய் அப்படி ஓர் இரவை இழப்பதை என்னால் ஏற்க முடியாது. முதல் நாள் ‘பார்க்’ செய்து, அதாவது நிலையை நினைவில் வைக்கச் சொல்லி நிறுத்திவைத்த மவுண்டை மறுநாள் சீரமைக்காமல் எழுப்புபவர்களுக்கும் நேரமே முழு ஆதாரம்.

திகதியையும் கவனியுங்கள். பல கருவிகள் மாதத்தை முதலில் கேட்கின்றன. நாம் பழகியபடி நாளை முதலில் இட்டால் ஒக்டோபர் 5 மே 10 ஆகிவிடும். அதேபோல அகலாங்கு 43.65 என்று தொலைபேசி காட்டினால் அது 43 பாகை 39 கலை. 65 கலை அல்ல. ஜிபிஎஸ் இருந்தால் பெரும்பாலும் தப்பலாம். ஆனாலும் 2019 ஏப்ரலில் ஜிபிஎஸ் வார எண்ணிக்கை மறுபடி சுழியத்துக்குத் திரும்பியபோது சில பழைய கருவிகள் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னுக்குப் போயின. அவை காட்டும் திகதியை ஒருமுறை வாசிப்பது நல்லது.

குழப்பமாக இருந்தால் எங்கும் செல்லுபடியாகும் வழி ஒன்று உண்டு: வலயம் 0, டேலைட் சேவிங் ‘இல்லை’, மணியும் திகதியும் உலகப் பொது நேரத்தில். நமக்கு இரவு 9 ஆகும்போது அங்கே திகதி மாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

விடுமுறைக்கு ஊருக்குச் சிறிய மவுண்டைக் கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு 10 பாகைபோலத்தான் மேலே நிற்கும். வடக்கே பனைகள் மறைக்காத இடமாகப் பாருங்கள். இலங்கை 1996இல் நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில்தான் +5:30க்குத் திரும்பியது. பழைய மென்பொருளின் பட்டியலில் இலங்கைக்கு +6 என்று கண்டால் அதை விட்டுவிட்டு, +5:30, டேலைட் சேவிங் ‘இல்லை’ என்று நீங்களே இடுங்கள்.