அரபிக்கடலை விட்டுப் போகாத கூன்முதுகுகள்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் ஆகஸ்ட் விடுமுறை வந்தால் தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்கு வான் பிடித்துத் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் இங்கே பலர். போய் வந்தவர்களின் கதைகளில் கூன்முதுகுத் திமிங்கிலத்தைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

"கூன்முதுகைப் பார்த்தோம்" என்பார்கள். அநேகமாக அவர்கள் பார்த்தது நீலத் திமிங்கிலம். திருகோணமலையிலும் மிரிஸ்ஸவிலும் படகுகள் தேடிப் போவது பெரும்பாலும் அதைத்தான். கூன்முதுகின் பக்கத் துடுப்பு மிக நீளம். உடலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரும். இலங்கைக் கடலில் அது தென்படுவது அரிது.

"தென்துருவத்திலிருந்து குட்டி ஈன வருகிறது, ஈன்றதும் போய்விடும்" என்பது ஆழ வேரூன்றிய நம்பிக்கை. மற்றக் கடல்களில் இது ஏறக்குறைய சரி. அங்கெல்லாம் கூன்முதுகுகள் கோடையில் குளிர்கடலில் இரையெடுத்துக் கொழுத்து, குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீந்தி வெப்பக்கடலுக்கு வந்து இணைசேர்கின்றன, ஈனுகின்றன. அந்த மாதங்களில் அவை உண்பது மிகக் குறைவு. அரபிக்கடல் கூட்டம் மட்டும் துருவத்துக்குப் போவதே இல்லை. இரை தேடுவதும் இணை தேடுவதும் ஒரே கடலில்தான்.

இது தெரியவந்த விதம் வேதனையானது. 1965, 1966 ஆம் ஆண்டுகளில் சோவியத் கப்பல்கள் ஓமான், பாகிஸ்தான், இந்தியக் கரைகளுக்கு அப்பால் 242 கூன்முதுகுகளைச் சட்டவிரோதமாகக் கொன்றன. அப்போது எடுத்த குறிப்புகளை யூரி மிகாலேவ் என்ற உயிரியலாளர் 1997இல்தான் வெளியிட முடிந்தது. தாய்களின் வயிற்றிலிருந்த சிசுக்களின் அளவு, அவை வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில் கருவானவை என்று காட்டியது. தென்துருவக் கூட்டமாக இருந்தால் கணக்கு ஆறு மாதம் தள்ளிப் போயிருக்கும். கொல்லப்பட்டவற்றின் இரைப்பைகளில் சிறுமீன்களும் கூனியிறால் போன்ற உயிர்களும் இருந்தன.

2000 முதல் ஓமானில் ஆய்வாளர்கள் வாலின் அடிப்புறத்தைப் படம் பிடித்து ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனித்தனியாக அடையாளம் காணத் தொடங்கினார்கள். கைரேகைபோல அந்த வெள்ளை கறுப்புக் கோலம் ஒன்றுக்கொன்று வேறுபடும். அந்தப் படங்களிலிருந்து கணித்த எண்ணிக்கை ஏறத்தாழ 82. மற்றக் கூட்டங்களிலிருந்து இந்தக் கூட்டம் சுமார் 70,000 ஆண்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்று 2014இல் வந்த மரபணு ஆய்வு சொன்னது. 2017இல் ஓமானில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட 'லுபான்' என்ற பெண் திமிங்கிலமோ கடலைக் குறுக்கே கடந்து கோவாவுக்கு அப்பால் வந்து, இந்தியாவின் தென்முனையை நோக்கி இறங்கியது. அங்கிருந்து நமது மேற்குக் கரை அதிக தூரமில்லை.

"அது தாய் குட்டியைத் தேடி அழும் குரல்" என்று கூன்முதுகின் பாட்டைப் பற்றிச் சொல்வார்கள். பாடுவது ஆண்தான். 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகில் வந்தவர்கள் இலங்கைக் கடலிலும் இந்தப் பாட்டைப் பதிவுசெய்தார்கள். ஒரு கூட்டத்து ஆண்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே பாட்டைப் பாடும். அந்தப் பாட்டும் காலப்போக்கில் மாறும். பெண்ணை அழைக்கவா, மற்ற ஆண்களோடு கணக்குத் தீர்க்கவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது.

வாழ்நாள் முழுவதும் ஒரே சோடி என்பதும் உண்மையில்லை. ஹவாயில் லூயிஸ் ஹெர்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1970களிலிருந்து அதே திமிங்கிலங்களை ஆண்டுதோறும் தேடிப் பார்த்தார்கள். சிலவற்றை 32 ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் இனங்கண்டார்கள். ஆண் ஒரு பெண்ணோடு கொஞ்ச நேரம் கூடப்போகும், பிறகு வேறொன்றைத் தேடும். ஒரு பெண்ணைச் சுற்றிப் பல ஆண்கள் இரத்தம் வர மோதிக்கொள்வதும் உண்டு. பெண் வழக்கமாக இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறைதான் ஈனுகிறது. ஒரு பருவம் மட்டும் பார்த்துவிட்டு இதையெல்லாம் சொல்ல முடியாது. இந்த நீண்ட பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஓமானில் படம் பிடித்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குத் திமிங்கிலங்களின் உடலில் மீன்வலைத் தழும்புகள் இருந்தன. நூறுக்கும் குறைவான கூட்டத்தில் ஒன்று வலையில் மாட்டிச் செத்தாலும் பேரிழப்பு. ஆகவே விடுமுறையில் படகேறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படகோட்டியிடம் கிட்டப் போகச் சொல்லாதீர்கள். நீளத் துடுப்புள்ள திமிங்கிலம் வாலைத் தூக்கினால் அடிப்புறம் தெரிய ஒரு படம் எடுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்து ஆய்வாளர்களுக்கு அனுப்புங்கள்.