வயதா, நாற்காலியா?

ஊரிலிருந்து அப்பாவைப் பெங்களூருக்கு அழைத்து வந்தபோது, "இனி நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், ரெஸ்ட் எடுங்கப்பா" என்றேன். தினமும் வயலுக்கு நடந்தவருக்கு, ஓராண்டில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. வயதுதான் காரணம் என்று நினைத்தேன்.

ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். உழைக்கும்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உடல்திறன் வெகுவாகக் குறைந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே 5 பேரையும் சோதித்தார்கள். 30 ஆண்டு முதுமை குறைத்ததைவிட, அந்த 3 வாரப் படுக்கை குறைத்ததே அதிகம்! பிறகு 6 மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி அளித்தார்கள். முதுமையில் இழந்த திறன் சராசரியாக முழுவதும் திரும்பியது.

ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது. உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 45 முதல் 64 வயதினர் 2 ஆண்டுகள் பயிற்சி செய்தபோது, இறுகத் தொடங்கியிருந்த இதயத் தசை நெகிழ்ந்ததாக 2018-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. 65-க்கு மேல் தொடங்கியவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியில் அந்த நெகிழ்ச்சி வரவில்லை. ஆனாலும் உடலில் தெம்பு கூடியது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு வாரம் 150 நிமிடம். அதாவது 5 நாள், நாளுக்கு 30 நிமிட விரைவு நடை. இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

இப்போது மாலையில் அப்பாவும் நானும் அல்சூர் ஏரிக்கரையில் நடக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் "உட்காருங்கள்" என்று சொல்லாமல், உடன் அழைத்து வாருங்கள்.