பழைய போனுக்கு மறுபடி ஒரு வேலை

புதுப் போன் வந்த அன்றே பழையது பீரோவுக்குள் போய்விடும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப் வேண்டும், தாத்தாவுக்கு யூடியூபில் கச்சேரி பார்க்க வேண்டும் என்று பேச்சு வரும்போதுதான் அதன் நினைப்பு வரும். எடுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. உயிர் வந்தாலும் எதுவும் திறப்பதில்லை. 'போன் போச்சு' என்று சொல்லி, கிடைத்த விலைக்கு எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறோம். பெரும்பாலும் போன் போயிருக்காது. தேதி தப்பாக இருக்கும், உள்ளே இடம் நிரம்பியிருக்கும், சார்ஜ் ஏறும் ஓட்டையில் பஞ்சு அடைத்திருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் எடுத்த எடுப்பில் ரீசெட் போடுவதுதான் நம் வழக்கம். ரீசெட்டுக்கும் முறை வரும். ஆனால் அது கடைசியில்.

இங்கே சொல்வது ஏறக்குறைய 2015 முதல் 2019 வரை வந்த ஆண்ட்ராய்டு போன்களுக்கு. சாம்சங், ரெட்மி, மோட்டோ என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும், வழி ஒன்றுதான்.

முதலில் பேட்டரி

சார்ஜரில் செருகுவதற்கு முன் போனை மேசை மேல் மல்லாக்க வைத்து, ஒரு மூலையை விரலால் சுண்டிப் பாருங்கள். பம்பரம் போல் சுழன்றால் முதுகு வீங்கியிருக்கிறது. பின்மூடி ஓரத்தில் பிளந்திருப்பதும், திரை சட்டத்தை விட்டு மேலே எழும்பியிருப்பதும் அதே அறிகுறிதான். அந்தப் போனைச் சார்ஜில் போடவே கூடாது. பேட்டரியை அழுத்துவதும் ஊசியால் குத்திக் காற்றை இறக்குவதும் தீ விபத்தில் முடியும். சர்வீஸ் கடைக்காரரிடம் கொடுத்து மாற்றுங்கள். சென்னையில் ரிச்சி தெரு பக்கம் போனால் பழைய மாடல்களுக்கும் பேட்டரி தேடலாம். போன் வந்தபோது இருந்த பேட்டரி 3000 எம்ஏஹெச் என்றால், அதே அளவுப் பெட்டிக்குள் 5000 என்று அச்சடித்து விற்பதை நம்ப வேண்டாம். அந்த இடத்துக்குள் அவ்வளவு அடங்காது.

வீக்கம் இல்லை, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறதா? மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். வேகமான சார்ஜர் வேண்டாம். பழைய 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். முதல் அரை மணி நேரம் ஒரு சின்ன வெளிச்சம்கூட வராமல் போகலாம். அதற்குள் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

அப்போதும் ஏறவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிளும் சரி என்றால் ஓட்டையைப் பாருங்கள். சட்டைப் பையிலும் ஜீன்ஸ் பையிலும் வருடக்கணக்கில் இருந்த போனில் துணித் தூசி உள்ளே போய், ஒவ்வொரு முறை செருகும்போதும் அமுங்கி, கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாகிவிடும். பின் முழுவதும் உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். 'டக்' என்று உட்காராது. லேசாக ஆட்டினால் சார்ஜ் நின்றுவிடும். போனை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில், பல்குத்தும் மரக்குச்சியின் நுனியைப் பிளேடால் இன்னும் சீவி மெலிதாக்கி, ஓரச்சுவரை ஒட்டி விட்டு மெதுவாக வெளியே இழுங்கள். நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதன் மேல் நெம்பக் கூடாது. ஊசி, சேஃப்டி பின், ஹேர்பின் எதுவும் வேண்டாம். சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உருண்டை வெளியே வரும். கடையில் 'சார்ஜிங் போர்டு மாத்தணும்' என்று சொல்லப்பட்ட எத்தனையோ போன்களின் வியாதி இந்த உருண்டைதான்.

போன் ஆன் ஆனதும் தேதி

பேட்டரி முழுக்க இறந்துபோன போனில் கடிகாரமும் நின்றுபோயிருக்கும். ஆன் ஆகும்போது 1970 ஜனவரி 1 என்றோ, தொழிற்சாலையில் வைத்த ஏதோ ஒரு தேதி என்றோ காட்டும். வைஃபை இணையும், ஆனால் பிளே ஸ்டோர் திறக்காது, கூகுள் கணக்கு ஏறாது, எந்தத் தளத்துக்குப் போனாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று எச்சரிக்கை வரும். இணையத்தில் ஒவ்வொரு தளமும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்ற சான்றிதழோடுதான் வருகிறது. உங்கள் போன் 1970-இல் இருந்தால், அதன் கண்ணுக்கு எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை. செட்டிங்ஸில் 'டேட் அண்ட் டைம்' போய், தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை அணைத்து, கையால் சரி செய்யுங்கள். ஆரம்ப அமைப்புத் திரையிலேயே சிக்கிக்கொண்டால் வைஃபையைத் தாண்டி உள்ளே போய்த் தேதியை வைத்துவிட்டு, பிறகு கணக்கைச் சேர்க்கலாம்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் காரணம் வேறு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழைத்தான் ஏராளமான தளங்கள் பயன்படுத்துகின்றன. அதன் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் கிடையாது. வேறொரு சான்றிதழின் தயவில் கொஞ்ச காலம் ஓடியது; அந்த ஏற்பாடும் 2024-இல் முடிந்துவிட்டது. இதற்கு ஃபயர்பாக்ஸ் உலாவியைப் போட்டுப் பாருங்கள். அது போனின் பட்டியலை நம்பாமல் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே வைத்துக்கொள்கிறது. உங்கள் போனுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைப் பிளே ஸ்டோர் கொடுத்தால் போதும்.

என்ன ஓடும், என்ன ஓடாது

இப்போது செட்டிங்ஸில் 'அபவுட் போன்' திறந்து இரண்டு விஷயங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண்ட்ராய்டு எண், செக்யூரிட்டி பேட்ச் தேதி. இந்த இரண்டும்தான் போனின் வயதைச் சொல்லும். வாங்கிய பில் அல்ல.

ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே இருந்தால் வாட்ஸ்அப் கிடையாது. 2023 அக்டோபர் 24-லிருந்தே நிறுத்திவிட்டார்கள். இந்த வரம்பு அவ்வப்போது ஏறிக்கொண்டே போகும் என்பதால், யாருக்காவது வாட்ஸ்அப்புக்காகவே போன் கொடுப்பதாக இருந்தால் 8 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. குரோமின் புதுப் பதிப்புகள் ஆண்ட்ராய்டு 10 கேட்கின்றன. கீழே இருப்பவற்றில் ஏற்கெனவே உள்ள பதிப்பு ஓடும், புதுப்பிப்பு வராது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றும் ஐஓஎஸ் 12-லேயே நின்றுவிட்டவை, 2025 மே முதல் வாட்ஸ்அப் 15.1 கேட்பதால் அவற்றில் அது வராது.

பேட்ச் தேதி நான்கைந்து வருடம் பழையதாக இருந்தால் அந்தப் போனில் ஜிபே, போன்பே, வங்கிச் செயலி எதையும் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெற்றோருக்குக் கொடுக்கும் போன் என்றால் இன்னும் கறாராக இருங்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த சிம்மை வேறு போனில் வைத்துவிட்டு, இதில் வைஃபை மட்டும் கொடுத்தாலும் பாதி வேலை நடக்கும். லினியேஜ் ஓஎஸ் மாதிரி வேறு இயங்குதளம் ஏற்றிப் புது ஆண்ட்ராய்டு கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். முடியும், கைவந்தவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் பாதியில் தடுக்கினால் போன் எழாமலே போகலாம், ஏற்றிய பிறகும் வங்கிச் செயலிகள் பல முரண்டு பிடிக்கும். அம்மா போனில் அந்தச் சோதனை வேண்டாம்.

ரீசெட், அதன் வரிசையில்

போன் வேறு கைக்கு மாறுகிறது என்றால் ரீசெட் வேண்டும். அதற்கு முன் தொடர்பு எண்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பழைய போன்களில் பாதி எண் சிம்மில், பாதி போனில், மீதி கூகுளில் என்று சிதறிக் கிடக்கும். 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரே கோப்பாக்கி மெயிலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். படங்களைக் கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப் பேக்கப் எடுங்கள். அது இப்போது கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில் கணக்காகும்.

அடுத்ததுதான் எல்லோரும் மறப்பது. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' போய்க் கூகுள் கணக்கை நீக்குங்கள், பிறகு ரீசெட் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து திருட்டுத் தடுப்புப் பூட்டு ஒன்று வந்தது. கணக்கை நீக்காமல் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அழுத்தி ரிகவரி வழியாக அழித்தால், ஆன் ஆனதும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். 2016-இல் கடைக்காரப் பையன் உருவாக்கிக் கொடுத்த ஜிமெயில், அதன் பாஸ்வேர்ட் யாருக்கு நினைவிருக்கும்?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன் என்றால் இன்னொரு சோதனை. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, அதன்பின் அந்த எண் என்று தட்டி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். போன் திருட்டுப் பட்டியலில் முடக்கப்பட்டதா என்று பதிலில் தெரிந்துவிடும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதையே பார்க்கலாம்.

சிம், கால், வைஃபை

சிம் போட்டும் பேச முடியவில்லை என்பதுதான் அடுத்த புகார். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. பேச்சும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்குப் போனில் வோல்ட்டி வசதி இருக்க வேண்டும். 4ஜி என்று பெட்டியில் போட்டிருந்தும் வோல்ட்டி இல்லாத போன்கள் அந்தக் காலத்தில் நிறைய விற்றன. அவற்றில் ஜியோ சிம்மில் நெட் வரும், கால் வராது. ஏர்டெல் சிம் என்றால் பேச்சை 2ஜிக்கு மாற்றிச் சமாளித்துக்கொள்ளும். இன்னொன்று, இரட்டை சிம் போன்கள் பலவற்றில் 4ஜி ஒரு சிம்முக்குத்தான். சிம் 1 பகுதியில் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அல்லது 'ப்ரிஃபர்டு நெட்வொர்க்' என்ற இடத்தில் 4ஜியைத் தேர்ந்தெடுங்கள். கால் வருகிறது, நெட் வரவில்லை என்றால் சிம் செட்டிங்ஸில் ஏபிஎன் என்ற நெட் அமைப்பைப் பார்க்க வேண்டும்: ஜியோவுக்கு 'ஜியோநெட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய போனில் நம் ஊர் அலைவரிசை சில இருக்காது. அதை எந்த செட்டிங்ஸாலும் கொண்டுவர முடியாது.

வைஃபை பெயரே தெரியவில்லையா? பழைய போன்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரூட்டரில் அதைத் தனிப் பெயரில் ஆன் செய்யுங்கள். பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால் ரூட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3-இல் இருக்கலாம், 2-க்கு இறக்குங்கள்.

பேசும்போது திரை கறுத்துப்போய் அழைப்பைத் துண்டிக்கவே முடியவில்லை என்பார்கள். காதருகே உள்ள சென்சாரைக் கோணலாக ஒட்டிய டெம்பர்டு கிளாஸ் மறைத்துக்கொண்டிருக்கும். உரித்துப் போடுங்கள், சரியாகிவிடும். எதிர்முனைக் குரல் சன்னமாகக் கேட்டால் காதுப் பகுதி வலையை உலர்ந்த மெல்லிய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும்.

ஹேங் ஆகிறது

16 ஜிபி போனில் ஆண்ட்ராய்டே ஏறத்தாழ பாதியைத் தின்றுவிடும். மீதியைத் தின்பது ரோஜாப் பூவோடு வரும் காலை வணக்கம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்தால் பலமுறை ஃபார்வர்டு ஆனவை ஒரு குவியலாகவும் 5 எம்பிக்கு மேற்பட்டவை ஒரு குவியலாகவும் நிற்கும். முதல் குவியலைப் பார்க்காமலே அழிக்கலாம். இரண்டாவதில் பேரக்குழந்தை வீடியோ இருக்கும், பார்த்து அழியுங்கள். பிறகு தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் பொங்கலுக்குள் மறுபடி நிரம்பும்.

ஃபேஸ்புக்குக்குப் பதில் ஃபேஸ்புக் லைட். போனோடு வந்த, நீக்க முடியாத செயலிகளை 'டிஸேபிள்' செய்யுங்கள். மெமரி கார்டில் படங்களை மட்டும் வையுங்கள். செயலிகளை அங்கே மாற்றினால் போன் இன்னும் மந்தமாகும். 'அபவுட் போன்' பகுதியில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் மெனு திறக்கும். அதில் அனிமேஷன் அளவுகள் மூன்றையும் 0.5 ஆக்குங்கள். போன் உண்மையில் வேகமாகாது, ஆனால் கைக்கு வேகமாகத் தெரியும்.

தானாக அணைந்து அணைந்து எழுந்தால் சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள்: பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் கேட்கும். அதில் அமைதியாக இருந்தால் ஏதோ ஒரு செயலிதான் குற்றவாளி. கடைசியாகப் போட்டவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். அதிலும் அணைந்தால் பேட்டரி அல்லது போர்டு, கடைக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவு செய்தும் வாட்ஸ்அப்பே ஓடாத போனையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். அந்தக் காலப் போன்கள் பலவற்றில் எஃப்எம் ரேடியோ உண்டு. ஹெட்போன் வயரைச் செருகினால் அதுவே ஆன்டெனா. சிம் வேண்டாம், நெட் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போயின. அப்படி ஒரு நாளுக்காக எடுத்து வைப்பதாக இருந்தால் பேட்டரியைப் பாதி அளவுக்கு ஏற்றி அணைத்து வையுங்கள். முழுதாக ஏற்றியும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள், ஹெட்போனையும் அதே டப்பாவில் போட்டு வையுங்கள்.