வீட்டு வலையமைப்பில் இரண்டாவது வழிப்படுத்தி: வேகம் கூடுமா?

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: கணினி வலையமைப்பு

மாணவர்களே, "எங்கள் வீட்டில் இணையம் மெதுவாக உள்ளது. இன்னொரு வழிப்படுத்தி (றவுட்டர்) வாங்கிப் பொருத்தினால் வேகம் கூடுமா?" என்று ஒருவர் உங்களிடம் கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? சிலர் "ஆம்" என்பர். சிலர் "இல்லை" என்பர். இரண்டும் அரைகுறை விடைகளே. வேகம் எந்த இடத்தில் குறைகின்றது என்பதை அறிந்த பின்னரே சரியான விடையைக் கூற முடியும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு நிகழ்நிலை வகுப்புகள் தொடங்கியபோது, பல வீடுகளில் ஒரே இணைப்பை இரண்டு, மூன்று பிள்ளைகள் பகிர வேண்டியிருந்தது. அத்தகைய வீட்டில் தவறான விடையைக் கூறினால் பெற்றோரின் பணம் வீணாகும், வகுப்பும் தடைப்படும். ஆகவே இப்பாடம் பரீட்சைக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் பயன்படும்.

1. அறிந்திருக்க வேண்டியவை

வழிப்படுத்தி: இரண்டு வலையமைப்புகளை இணைத்து, தரவுப் பொதிகளை உரிய வழியில் அனுப்பும் சாதனம். வீட்டில் இது வீட்டின் இடத்துரி வலையமைப்பை இணையத்துடன் இணைக்கின்றது.

அணுகற் புள்ளி: கம்பியில்லா முறையில் சாதனங்களை வலையமைப்புடன் இணைப்பது. வீட்டில் பயன்படும் வழிப்படுத்திகள் பெரும்பாலானவற்றில் வழிப்படுத்தி, ஆளி, அணுகற் புள்ளி ஆகிய மூன்றும் ஒரே பெட்டியினுள் உள்ளன.

தரவு வீதம்: ஒரு செக்கனில் கடத்தப்படும் பிற்றுகளின் எண்ணிக்கை. இணைப்பின் வேகம் மெகாபிற்றில் கூறப்படும். கோப்பின் அளவு மெகாபைற்றில் கூறப்படும். 1 பைற்று = 8 பிற்று. கணிப்பின்போது பலர் புள்ளிகளை இழப்பது இவ்விடத்திலேயே.

2. மிக ஒடுங்கிய பகுதியே வேகத்தைத் தீர்மானிக்கும்

வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். தாங்கியிலிருந்து வரும் பிரதான குழாய் ஒடுங்கியதாயின், எத்தனை பைப்புகளைப் புதிதாகப் பொருத்தினாலும் மொத்தமாக வரும் தண்ணீர் கூடாது. ஆனால் பிரதான குழாய் அகலமாயிருந்து, குசினிக்குச் செல்லும் குழாய் மட்டும் அடைபட்டிருந்தால், அதற்குப் புதிய குழாய் போடுவது பயன் தரும்.

வீட்டு இணையத்திலும் தரவு இரண்டு பகுதிகளைக் கடந்து வருகின்றது.

(அ) சேவை வழங்குநரிடமிருந்து வழிப்படுத்தி வரை
(ஆ) வழிப்படுத்தியிலிருந்து உங்கள் சாதனம் வரை

இவ்விரண்டில் குறைந்த வீதம் எதுவோ அதற்கு மேல் உங்களுக்குக் கிடைக்காது. இரண்டாவது வழிப்படுத்தி (ஆ) பகுதியை மட்டுமே சீராக்கும். (அ) பகுதியை அது ஒருபோதும் கூட்டாது. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

3. முதலில் அளவிடுக

சாதனம் வாங்குவதற்கு முன்னர், ஒரே கணினியையோ கைப்பேசியையோ கொண்டு வேகச் சோதனையைப் பின்வருமாறு செய்க.

• ஏனைய சாதனங்களின் இணையப் பயன்பாட்டை நிறுத்துக.
• வழிப்படுத்திக்கு அருகில் மூன்று முறை அளந்து சராசரியைக் காண்க.
• வேகம் குறைந்த அறையில் அவ்வாறே மூன்று முறை அளக்குக.

உதாரணம்: இரண்டு வீடுகளில் பெற்ற அளவீடுகளைக் கீழே காண்க.

வீடு 1: அருகில் செக்கனுக்கு 48 மெகாபிற்று, பின்னறையில் 6 மெகாபிற்று.
வீடு 2: அருகில் செக்கனுக்கு 8 மெகாபிற்று, பின்னறையில் 6 மெகாபிற்று.

இரு வீடுகளிலும் பின்னறை மாணவருக்குக் கிடைப்பது 6 மெகாபிற்றே. ஆனால் காரணங்கள் வேறு. 90 மெகாபைற்று அளவுள்ள பாடக் காணொளியைப் பதிவிறக்க எடுக்கும் நேரத்தைக் கணிப்போம்.

கோப்பின் அளவு = 90 × 8 = 720 மெகாபிற்று
இப்போது எடுக்கும் நேரம் = 720 ÷ 6 = 120 செக்கன்
பின்னறையின் குறை முற்றாக நீங்கினால்,
வீடு 1: 720 ÷ 48 = 15 செக்கன்
வீடு 2: 720 ÷ 8 = 90 செக்கன்

வீடு 1 இல் இரண்டாவது வழிப்படுத்தி மிகுந்த பயனளிக்கும். வீடு 2 இல் கிடைப்பது சிறு முன்னேற்றமே. அங்கு இரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வகுப்பில் இணைந்தால் அந்த 8 மெகாபிற்றையே பகிர வேண்டும். அவ்வீட்டார் இணைப்பின் பொதியை மாற்றுவது பற்றிச் சிந்திப்பதே பொருத்தமானது.

4. செலவின்றிச் செய்யக்கூடியவை

• வழிப்படுத்தியை வீட்டின் நடுப்பகுதியில், உயரமான இடத்தில் வைத்தல். இரும்பு அலுமாரி, கொங்கிறீற்றுச் சுவர் என்பன சைகையை நலிவடையச் செய்யும்.
• நுண்ணலை அடுப்புக்கு அருகில் வைப்பதைத் தவிர்த்தல். அது 2.4 கிகாஹேட்ஸ் அலைப்பட்டையில் இடையூறு விளைவிக்கும்.
• அலைப்பட்டையைத் தெரிதல். 5 கிகாஹேட்ஸ் பொதுவாகக் கூடிய வேகம் தரும். ஆனால் சுவர்களைக் கடக்கும்போது அதிகம் நலிவடையும். 2.4 கிகாஹேட்ஸ் கூடிய தூரம் செல்லும்.
• நகராத கணினியை வடத்தின் மூலம் இணைத்தல்.

இவற்றின் பின்னரும் குறை நீங்காவிடின் அடுத்த படிக்குச் செல்க.

5. இரண்டாவது வழிப்படுத்தியை இணைக்கும் முறைகள்

முறை 1 – வடத்தினால் இணைத்து அணுகற் புள்ளியாகப் பயன்படுத்தல்

இதுவே சிறந்த முறை. கற் 5ஈ வகை முறுக்கிய கம்பிச் சோடி வடம் 100 மீற்றர் வரை செக்கனுக்கு 1000 மெகாபிற்றைக் கடத்த வல்லது. எனினும் வழிப்படுத்தியின் துறை 100 மெகாபிற்று வகையாயின் அதற்கு மேல் கிடைக்காது.

படிமுறைகள்:

1. இரண்டாவது வழிப்படுத்தியை மட்டும் ஒரு கணினியுடன் வடத்தினால் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்குக. நிருவாகக் கடவுச்சொல்லை மாற்றுக.
2. அதன் கம்பியில்லா வலையமைப்புப் பெயரையும் கடவுச்சொல்லையும் முதலாவதைப் போன்றே இடுக. 2.4 கிகாஹேட்ஸில் அலைவரிசை 1, 6, 11 என்பன ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. ஒன்றுக்கு 1 எனின் மற்றதற்கு 6 அல்லது 11 ஐத் தெரிக.
3. அதன் ஐ.பி. முகவரியை மாற்றுக. முதலாவது 192.168.1.1 எனின் இரண்டாவதற்கு 192.168.1.2 எனக் கொடுக்கலாம். அம்முகவரி, முதலாவது வழிப்படுத்தி ஏனைய சாதனங்களுக்கு வழங்கும் முகவரி வீச்சினுள் இருத்தலாகாது.
4. முகவரிகளைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. சேவையை இரண்டாவதில் நிறுத்துக.
5. முதலாவதின் இடத்துரி வலையமைப்புத் துறையையும் இரண்டாவதின் இடத்துரி வலையமைப்புத் துறையையும் வடத்தினால் இணைக்குக. இரண்டாவதின் இணையத் துறை வெறுமையாக இருக்கட்டும்.

சில சாதனங்களில் "அணுகற் புள்ளி" என்ற தெரிவு தரப்பட்டிருக்கும். அப்போது அதன் கைந்நூலில் கூறியவாறு செய்க.

முறை 2 – கம்பியில்லா மீளனுப்பியாகப் பயன்படுத்தல்

வடம் இழுக்க முடியாத வீட்டுக்கு இது உதவும். ஆயினும் ஒரே அலைவரிசையில் தரவைப் பெற்று மீண்டும் அனுப்புவதால் வீதம் ஏறத்தாழ அரைவாசியாகும். மீளனுப்பி நிற்கும் இடத்தில் 20 மெகாபிற்று கிடைப்பின், அதனுடன் இணையும் கைப்பேசிக்கு ஏறத்தாழ 10 மெகாபிற்றே கிடைக்கும். ஆகவே அதனைச் சைகை நலிந்த அறையினுள் வைத்தல் தவறு. சைகை நன்றாகக் கிடைக்கும் இடைப்பட்ட இடத்தில் வைத்தல் வேண்டும்.

6. மாணவர் விடும் தவறுகள்

• "இரண்டு வழிப்படுத்திகள், ஆகவே இரண்டு மடங்கு வேகம்" என எழுதுதல். வெளியிணைப்பு ஒன்றே என்பதை மறவாதீர்கள்.
• வடத்தை இரண்டாவதின் இணையத் துறையில் செருகுதல். அப்போது வீட்டினுள் இரண்டு வலையமைப்புகள் உருவாகி, முகவரி மாற்றம் இருமுறை நிகழும். இணையம் கிடைக்கலாம், ஆனால் ஒரு பக்கத்திலுள்ள அச்சுப்பொறியை மறுபக்கத்துக் கணினி காணாது போகலாம்.
• மெகாபிற்றையும் மெகாபைற்றையும் ஒன்றெனக் கொள்ளுதல்.

7. பயிற்சி வினாக்கள்

1. செக்கனுக்கு 16 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பில் 60 மெகாபைற்றுக் கோப்பைப் பதிவிறக்க எடுக்கும் நேரத்தைக் கணிக்குக.
2. முறை 1 இல் இரண்டாவது வழிப்படுத்தியின் டி.எச்.சி.பி. சேவையை நிறுத்துவதற்குக் காரணம் தருக.
3. வழிப்படுத்திக்கு அருகிலும் 5 மெகாபிற்று, தூர அறையிலும் 5 மெகாபிற்று கிடைக்கும் வீட்டார் இரண்டாவது வழிப்படுத்தி வாங்க எண்ணுகின்றனர். உமது ஆலோசனை யாது?

விடைக்குறிப்பு

1. 60 × 8 = 480 மெகாபிற்று; 480 ÷ 16 = 30 செக்கன்.
2. ஒரே வலையமைப்பில் இரு சாதனங்கள் முகவரி வழங்கினால் முரண்பாடு ஏற்படும். சில சாதனங்கள் இரண்டாவதையே இணையத்துக்கான வாயில் எனக் கொள்ளும். அதன் இணையத் துறை வெறுமையாக இருப்பதால் அவற்றுக்கு இணையம் கிடைக்காது.
3. வாங்க வேண்டாம். வீட்டினுள் வேகம் குறையவில்லை, வெளியிணைப்பே ஒடுங்கியது. சேவை வழங்குநரிடம் முறையிடுதல் அல்லது இணைப்பின் பொதியை மாற்றுதல் பொருத்தமானது.

செயற்பாடு: உங்கள் வீட்டிலோ பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்திலோ மூன்று இடங்களில் வேகத்தை அளந்து அட்டவணைப்படுத்துக. (அ), (ஆ) ஆகிய பகுதிகளில் எது ஒடுங்கியது என முடிவு செய்து, காரணத்தை இரு வாக்கியங்களில் எழுதுக.